பதில் வராவிட்டால் கிளம்பு

எல்லோருக்கும் அவள் டெய்லர் அக்கா. யாரிடமும் முகத்தில் அடித்தாற்போல் பேசத் தெரியாதவள். கணவரின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது, வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் ஏற்றி இறக்கும் டயாலிசிஸைக் கற்றுக்கொண்டாள். தையல் மெஷினை வாசலறைக்குத் தள்ளிவிட்டு, உள்ளறையில் திரவப் பைகளை அட்டைப்பெட்டிகளோடு அடுக்கினாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் பழக்கமான ஏழெட்டுக் குடும்பங்களைச் சேர்த்துப் போனில் ஒரு குழுவும் தொடங்கினாள்.

குழுவுக்குச் சட்டம் வகுத்தவர் அதிலிருந்த ஓய்வுபெற்ற நர்ஸ். செய்து பார்த்தவர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். தெரியாதவர் வாயைத் திறக்கக் கூடாது. கேள்வி போட்டுக் கொஞ்ச நேரம் பதில் வராவிட்டால் யாருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம். மறுபேச்சில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். இப்படிக் கிளம்பியே இரண்டு பேர் பிழைத்தார்கள்.

"பாவம், கஷ்டத்துல இருக்கறவங்க" என்று கேட்டவரையெல்லாம் டெய்லர் அக்கா சேர்த்துக்கொண்டாள். நோயாளிகளின் மச்சான்கள் வந்தார்கள், மச்சான்களின் சிநேகிதர்கள் வந்தார்கள், மருந்துப் பொடி விற்கிறவனும் வந்தான். விடிந்தால் பூப்படம், பொழுது சாய்ந்தால் அரசியல் சண்டை. "தெரியாம சொல்லாதீங்கப்பா" என்று நர்ஸ் ஒருநாள் எழுதினார். "நீங்க என்ன பெரிய டாக்டரா?" என்றான் எவனோ. அதற்கு ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை. எதற்கு வம்பு என்று டெய்லர் அக்கா சும்மா இருந்துவிட்டாள். நர்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் விலகினார். பழைய குடும்பங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. இருக்க வேண்டியவர்கள் போய்விட, கூட்டம் மட்டும் பெருத்தது.

ஒரு காலையில் கணவரின் வயிற்றிலிருந்து இறங்கிய திரவம் கலங்கியிருந்தது. பைக்கு அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்துத் தெரிய வேண்டும்; அன்று தலைப்புகூடத் தெரியவில்லை. படமெடுத்துக் குழுவில் போட்டாள். பதில் வராதிருந்தால் கிளம்பியிருப்பாள். பதில்கள் கொட்டின.

"பயப்படாதீங்கக்கா, சரியாயிடும்."

"எங்க மாமாவுக்கும் இப்படித்தான். தானா தெளிஞ்சிடுச்சு."

"நல்ல பொடி இருக்கு, நம்பர் தரேன்."

"எதுக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாங்க" என்றாள் கணவரிடம்.

ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு வேப்பங்காய். "இத்தனை பேரு ஒண்ணுமில்லன்னு சொல்றாங்கல்ல. நாளைக்குப் பாத்துக்கலாம்."

மறுநாள் அவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. "நேத்தே வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார் டாக்டர். கணவர் வீடு திரும்பவில்லை.

உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு போனை எடுத்தாள். கைகூப்பும் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. அவற்றுக்குக் கீழே புதிதாக ஒரு படம். ஒரு பெண் தன் அம்மாவின் பையைப் போட்டிருந்தாள். அதே கலங்கல். 'பயப்படாதம்மா, சரியாயிடும்' என்று எழுதியிருந்தவனும் அதே ஆள்தான். டெய்லர் அக்காவுக்கு அவன் மேல் வந்ததைவிடத் தன் மேல்தான் ஆத்திரம் வந்தது. 'உடனே கிளம்புங்க' என்று எழுதினாள். அடுத்த நொடியே மேலே மேலே வந்து விழுந்த படங்களில் அது காணாமல் போயிற்று. நம்பரைத் தேடி எடுத்து அழைத்தாள்.

"உங்கம்மாவ இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா. எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் போயிட்டாரு."

அந்தப் பெண் கேட்டாள்.

"குரூப்ல எல்லாரும் ஒண்ணுமில்லன்னுதானே சொல்றாங்க. நீங்க யாரு?"