மாமியின் கொடிக்கம்பி

முதலில் நினைவுக்கு வருவது ஒரு சேலைதான். கத்தரிப்பூ நிறம், கரை வெளிறிப்போன பருத்திச் சேலை. எங்கள் வீட்டுக்குப் போகும் குறுகலான ஒழுங்கையில் சரிந்து நின்ற மின்கம்பத்திலிருந்து ஒரு கம்பி கழன்று தொங்கியது. அதன் நுனியை முன்வீட்டு மாமி தன் முருங்கை மரத்தில் இழுத்துக் கட்டி உடுப்புக் கொடியாக்கியிருந்தார். விடிந்ததும் அந்தச் சேலை அதில் விரிந்துவிடும். அதைக் கண்டால் என் அத்தானுக்குத் தேநீர் இறங்காது. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வேலிப் படலைவரை போவார், திரும்பி வருவார், மறுபடியும் போவார். ஆறிய தேநீரைச் சூடாக்கிக் கொடுப்பது என் வேலையாகிவிட்டது.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். மின்பொறியியல் பேராசிரியர். மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்பித்தவர், எண்பத்து மூன்று கலவரத்தோடு அங்கே இருக்க முடியாமல் அக்காவையும் இரண்டு சூட்கேசுகளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்து உடுவிலுக்கு வந்து சேர்ந்தார். இங்கே அவருடைய பாடத்துக்கு இடமில்லாததால் மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தார். மின்னல் விழுந்தால் நீண்ட கம்பிகளில் என்ன ஓடும், எவ்வளவு தூரம் ஓடும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. தொண்ணூறில் குடாநாட்டுக்கு மின்சாரமே நின்றுபோனது. அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. ஜாம் போத்தலுக்குள் ஒரு சொட்டு மண்ணெண்ணெய், ஒரு பஞ்சுத் திரி, அந்த வெளிச்சத்தில் குனிந்திருந்து கரண்டைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பார். நான் அப்போது பள்ளிக்கூட ஆசிரியை, அவர்களோடுதான் இருந்தேன். அவரைப் பார்க்கச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

ஊரெங்கும் மின்கம்பிகளை அறுத்து வேலிக்கும் பந்தலுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் வாசிகசாலை தொடங்கி எங்கள் வீடு தாண்டும்வரை அவை மிஞ்சியிருந்தன. அந்தத் துண்டுக் கம்பிதான் அத்தானின் நிம்மதியைத் தின்றது. வீடு வீடாகப் போய், மெயின் சுவிச்சை அணைத்து வையுங்கள், கம்பியில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சனம் மரியாதைக்குத் தலையாட்டியது. அவர் படலை தாண்டியதும் சிரித்தது. மாமி ஒருத்தர்தான் முகத்துக்கு நேரே சொன்னார்.

“தம்பி, உந்தக் கம்பி செத்து மூண்டு வருசமாகுது. செத்ததுக்கு என்ன பயம்?”

“செத்ததெண்டு நீங்கள் சொல்லுறியள், மாமி. கம்பி சொல்லேல்லையே.”

மறுநாள் சுன்னாகம் சந்தையில் நல்ல தும்புக் கயிறாகப் பார்த்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமி நன்றியோடு வாங்கி, அதில் ஆட்டைக் கட்டினார். அக்காவுக்கு மானம் போனது. படித்த மனிதர் இப்படிப் பைத்தியம்போல ஊர் சுற்றலாமா என்று என்னிடம் குறைபட்டாள். அவளோடு சேர்ந்து நானும் அலுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் அவருடைய ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழக விருது கிடைத்த செய்தி வந்தது. ஊர் துள்ளியது. கரண்டே இல்லாத ஊரில் கரண்டுக்கு விருதா என்று கேலி செய்தவர்கள்தான் முதலில் வாழ்த்த வந்தார்கள். வாசிகசாலை இளைஞர்கள் பாராட்டு விழாவுக்கு நாள் வைத்தார்கள். எங்கேயோ ஒரு ஜெனரேற்றரைத் தேடிப் பிடித்தார்கள். மண்ணெண்ணெய் பொன்னாக இருந்த காலத்தில், ஒழுங்கையில் ஒரு வீடு விடாமல் ஒவ்வொரு போத்தல் கொடுத்தது. அத்தானை எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அக்காவிடம் மட்டும் இரகசியமாக ஒன்று சொல்லியிருந்தார்கள், பொழுதுபடும்போது மெயின் சுவிச்சைப் போட்டு வையுங்கள் என்று. அவள் என்னிடம்கூட மூச்சு விடவில்லை. பழைய பல்ப் ஒன்றைத் துடைத்து மாட்டிவிட்டு, தலைவலி என்று சொல்லி விழாவுக்கு வராமல் வீட்டிலேயே நின்றுவிட்டாள்.

வாசிகசாலை மண்டபம் நிறைந்திருந்தது. அத்தான் மேடையில் பொன்னாடையும் மாலையுமாக, எழுந்து ஓடிவிட வழி பார்ப்பவர்போல நெளிந்துகொண்டிருந்தார். முன்வீட்டு மாமி எனக்குப் பக்கத்தில் இருந்தார். தலைவர் பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வெளியே தூறியது. கொடியில் உடுப்பு நனையப் போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு மாமி எழுந்து போனார். அவர் போகவும் பின்பக்கத்தில் ஜெனரேற்றர் இரையவும் சரியாக இருந்தது. கூரையில் தூசி படிந்து தொங்கிய பல்ப் பளிச்சென்று எரிந்தது. குழந்தைகள் கூவினார்கள், பெரியவர்கள் கைதட்டினார்கள். தலைவர் பெருமிதத்தோடு குரலை உயர்த்தினார். வெளிச்சம் இங்கே மட்டுமில்லை, எங்கள் பெடியள் ஒழுங்கைக் கம்பியில் தொடுத்துவிட்டிருக்கிறார்கள், பேராசிரியரின் வீட்டிலும் இந்த நிமிடமே விளக்கு எரிகிறது என்றார்.

அத்தானின் முகத்தைப் பார்த்தேன். அவர் பார்வை மண்டபத்தைத் துழாவி வந்து, எனக்குப் பக்கத்தில் இருந்த வெறும் கதிரையில் நின்றது. அடுத்த கணம் மேடையிலிருந்து பாய்ந்தார். தலைவரின் கையிலிருந்த கடதாசிகள் பறந்தன. பின்பக்கம் ஓடி, தடுத்த இளைஞனைத் தள்ளிவிட்டு, எஞ்சினுக்குப் போன வயரை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார். எஞ்சின் இருமி அடங்கியது. மண்டபம் இருண்டது. அவர் நிற்கவில்லை, கழுத்தில் மாலையோடு தூறலுக்குள் ஒழுங்கை வழியே ஓடினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நானும் ஓடினேன்.

மாமி முருங்கையடியில் நின்றார். ஒரு கையில் குடை, மறுகை சேலைத் தலைப்பில். அத்தானைக் கண்டதும், “என்ன தம்பி, விழா அதுக்குள்ளை முடிஞ்சுதோ?” என்றார். அத்தான் அந்த ஈர மண்ணிலேயே குந்தியிருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமி ஒன்றும் புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று குடையை அவருக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஊருக்கு அது விளங்கவேயில்லை. தலைவர் மாதக்கணக்கில் கதைக்கவில்லை. இளைஞர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆசை ஆசையாகக் கொடுத்த மண்ணெண்ணெய் வீணானதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மேடையில் பேராசிரியருக்குப் பேய் பிடித்த கதை சந்தைவரை போனது. இதெல்லாம் பரவாயில்லை. வீட்டுக்குள் அக்கா அழுத முகத்தோடு இருந்தாள்.

“இத்தனை வருசத்துக்குப் பிறகு என்ரை வீட்டிலை ஒரு வெளிச்சம் வந்தது. அதையும் நீங்கள்தான் நூத்தியள்.”

“மாமி உயிரோடை இருக்கிறா.”

“அவ எப்பவும் உயிரோடைதானே இருந்தவ.”

மாமிக்கு ஏதாவது ஆகியிருந்தால் ஊர் முழுக்க அவர் சொன்னதை நம்பியிருக்கும். ஒன்றும் ஆகவில்லை, ஆகவே அவர் விசரர். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த நாள் காலையில் அதே சேலை அதே கம்பியில் கிடந்ததைக் கண்டபோது, போய் இழுத்து அறுத்துவிடலாமா என்றிருந்தது. அத்தான் வழக்கம்போலப் படலைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். அக்கா அவரோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். அந்தப் பிணக்கு முழுதாகத் தீராமலே இரண்டு வருடம் போனது.

இப்போது நான் இருக்கும் நாட்டில் விளக்கு அணைந்தால்தான் அதிசயம். அத்தானின் பெயரைத் தெரிந்த யாராவது, எந்த ஆராய்ச்சிக்கு அந்த விருது என்று சில சமயம் கேட்பார்கள். கம்பிகளைப் பற்றி ஏதோ என்று சொல்லி மழுப்பிவிடுவேன். அந்தக் கணக்கெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்தது தொண்ணூற்றைந்தில் நாங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட அந்தப் பின்னேரம்.

உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆமி கிட்ட வந்துவிட்டது. ஒழுங்கை முழுக்கச் சனம், எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் போகிறார்கள். முன்வீட்டு மாமி எங்களுக்கு முன்பே ஒரு பொட்டலத்தோடு போய்விட்டார். நான் மூட்டை கட்டிய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படலையில் நிற்கிறேன். ஷெல் விழும் சத்தம் கிட்டக் கேட்கிறது. அத்தானைக் காணவில்லை. அக்கா உள்ளே ஓடினாள், நான் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தேன். அவர் கதிரையில் ஏறி நின்று, மெயின் சுவிச் அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஆருக்காக இதைச் செய்யிறியள்?” என்று அக்கா கத்தினாள். “எங்களைக் கலைச்சுப்போட்டு வந்து இருக்கப்போறவங்களுக்கோ?”

அவர் திரும்பவில்லை. “சுவர் உடைஞ்சால் வயர் வெளியிலை வரும். பிறகு ஒரு நாளைக்குக் கரண்டு வரும். ஆர் இருப்பினமெண்டு எனக்குத் தெரியாது. ஆரெண்டாலும் ஆள்தானே.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா இன்னும் கத்துவாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள் என்று பார்த்தேன். அவள் கதிரை ஆடாமல் பிடித்துக்கொண்டு, அவர் நீட்டிய பியூஸ்களைக் கையில் வாங்கினாள். இறங்கியவரின் தோளில் படிந்திருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

“மாமியின்ரை வீட்டையும் ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ. நாங்கள் நிக்கிறம்” என்றாள்.