கோப்பியின் கோணல் கழுத்து

தஞ்சோங் ரம்புத்தான் ஓர் ஊர் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. அதை ஒரு வசவு என்றே நினைத்திருந்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், சட்டையைத் திருப்பிப் போட்டவனும், கணக்கில் பூஜ்ஜியம் வாங்கியவளும், மழை தூறும்போது துணி காயப்போட்ட மனுஷியும் ஒரே இடத்துக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். “உன்னக் கொண்டுபோய் தஞ்சோங் ரம்புத்தான்ல சேக்கணும் லா” என்பார்கள். சொன்னவரும் சொல்லப்பட்டவரும் சேர்ந்து சிரிப்பார்கள். இப்போது ஈப்போவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சாலைப் பலகையில் பார்க்கிறேன், மற்ற ஊர்களைப் போலவே வெள்ளை எழுத்தில், பக்கத்தில் ஓர் அம்புக்குறியோடு. அங்கே பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. அதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, கழுத்துத் திருகிய ஒரு கோழி என் கண்ணுக்குள் பின்பக்கமாக நடந்து வந்துவிடுகிறது.

அது சித்தியின் கோழி. சித்தி என்றால் அம்மாவின் தங்கை, கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தவள். விடிகாலையில் அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள். திரும்பி வந்ததும், விரல்களில் தோலோடு ஒட்டிக் காய்ந்த பாலை உரித்துக் கழுவிக்கொண்டே வீட்டுப் பின்புறம் போய்க் கோழிகளைப் பெயர் சொல்லி அழைப்பாள். பதினொரு கோழி, பதினொரு பெயர். பாலில்லாத கோப்பியின் நிறத்தில் இருந்தது கோப்பி. லயத்தில் எல்லார் வீட்டுக் கோழியும் ஒன்றாகத்தான் மேயும் என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துணி அடையாளம் உண்டு. எங்களுடையது சிவப்பு, வலது காலில். சித்தி போடும் முடிச்சில் ஒரு முனை மட்டும் முயல் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அம்மா எத்தனையோ முறை முயன்றும் அந்தக் காது வந்ததில்லை.

அந்த வருஷம் சித்தி நிறையப் பேச ஆரம்பித்தாள், ஆனால் எங்களோடு இல்லை. சோறு தட்டிலேயே ஆறிக் கிடக்கும். தலை சீவாமல் வேலைக்குப் போனாள், பிறகு போகாமலே இருந்தாள். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று ரேடியோவைத் துண்டு போட்டு மூடினாள். நான் அதை ஒரு விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு துண்டு கொண்டுவந்து மூடினேன். ஒரு மத்தியானம் வாடகைக் கார் வந்தது. மாதா கோயில் பூசைக்குப் போகும் புடவையைச் சித்திக்குக் கட்டிவிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மாமா. காரில் ஏறும்போது என்னைப் பார்த்து, “கோப்பியப் பாத்துக்கடி. நான் வரும்போது அது இருக்கணும்” என்றாள். அன்று அவள் பேசியதில் அந்த ஒன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

சித்தி தெலுக் இந்தானில் ஓர் உறவுக்காரர் வீட்டில் தையல் படிக்கிறாள் என்று எனக்குச் சொன்னார்கள். ஊசியில் நூல் கோக்கப் பொறுமை இல்லாமல் பல்லால் நூலைக் கடித்துத் துப்புகிற சித்தி. ஆனாலும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பா அடுக்குச் சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். பத்து காஜா என்கிற ஊரின் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டாளி படுத்திருக்கிறார் என்றார்கள். அதையும் நம்பினேன். லயத்தில் எல்லாருக்கும் உண்மை தெரியும். எட்டு வயதான எனக்கு மட்டும் தையலும் கூட்டாளியும்.

சித்தி போன இரண்டாம் மாதம் கோப்பிக்குச் சீக்கு வந்தது. ஒரு காலையில் கூட்டைத் திறந்தால் மற்ற பத்தும் ஓடி வந்தன. இது மட்டும் உள்ளே நின்று வானத்தைப் பார்த்தது. கூட்டுக்குள் ஏது வானம்? கழுத்து அப்படித் திருகியிருந்தது. அலகு மேலே, உச்சி கீழே. அரிசியைக் கொத்தப் போனால் இரண்டு விரற்கடை தள்ளிக் கொத்தியது. முன்னே போக நினைத்துப் பின்னே போனது. வட்டமடித்து விழுந்தது.

வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு அக்கா பாம்பைப் பார்த்துப் பயந்திருக்கிறது என்று சொல்லி நெற்றியில் திருநீறு பூசினாள். நாங்கள் வேதக்காரர்கள். பதிலுக்கு நான் மாதா சுரூபத்தின் அருகிலிருந்த தீர்த்தத்தை அலகில் மூன்று சொட்டு விட்டேன். காய்கறி கொண்டுவரும் சீனத்து அங்கிள் “பானாஸ், பாடான் பானாஸ்” என்றார். உடம்புச் சூடாம். மாமா மட்டும் சீக்கைப் பார்க்கவில்லை, சதையைப் பார்த்தார்.

“தானா செத்தா யாருக்கும் பிரயோசனமில்ல. இஞ்சி தூக்கலா வெச்சு ஒரு பெரட்டல் போட்டா எல்லா சீக்கும் போயிடும் லா.”

“மாமா!”

“என்னடி மாமா? மத்த பத்துக்கும் ஒட்டிக்கிட்டா ஒங்க சித்தி வந்து யாரக் கேப்பா?”

அம்மாவும் அதைத்தான் நினைத்தாள் போலும். ஞாயிற்றுக்கிழமைக்குள் தேறாவிட்டால் மாமா அறுத்துவிடட்டும் என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு நான்கு நாள் இருந்தது. பேனாவுக்கு மை ஊற்றும் குழாயைக் கழுவி, அதில் கஞ்சித் தண்ணி எடுத்து, கோப்பியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பாதி என் பாவாடையில். சித்தி வரும்போது இது இருக்க வேண்டும். இது இல்லையென்றால் சித்தி வந்த வழியே திரும்பிப் போய்விடுவாள் என்று எப்படியோ எனக்குள் உறுதியாகிவிட்டது.

சனிக்கிழமை அக்கா வேலியோரம் வந்து நின்றாள். கோப்பி அப்போது பின்பக்கமாகவே நடந்து போய்க் குழாயடி வாளியில் முட்டி உட்கார்ந்தது. அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஐயோ, இது சரியான தஞ்சோங் ரம்புத்தான் கேஸுடி!”

உள்ளே அம்மாவின் கையிலிருந்து சட்டி மூடி விழுந்து சிமெண்டுத் தரையில் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “நா ஒரு வாயி... கோழியத்தான்க்கா சொன்னேன்” என்று சமையற்கட்டைப் பார்த்துச் சொன்னாள். எப்போதும் யாரை வேண்டுமானாலும் அனுப்புகிற இடத்துக்கு ஒரு கோழியை அனுப்பியதில் என்ன வந்துவிட்டது என்று எனக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. அது வெறும் வசவில்லை, நிஜமாகவே எங்கோ இருக்கிறது. கோணியதை நிமிர்த்துகிற இடம்.

மறுநாள் பூசைக்குப் போய் வந்தோம். அப்பா அடுக்குச் சட்டியை மோட்டாரில் மாட்டிக்கொண்டிருந்தார். மாமா கிணற்றடியில் கத்தியைத் தீட்டத் தொடங்கியிருந்தார். நான் ரோத்தான் பிரம்புக் கூடையோடு நடுவில் போய் நின்றேன்.

“அப்பா, கோப்பிய தஞ்சோங் ரம்புத்தான்ல சேத்துடலாமா?”

கத்திச் சத்தம் நின்றது. அப்பா என்னையே பார்த்தார். “யாரு சொன்னா?”

“அக்கா. அங்க காட்டினா சரியாயிடும்ல?”

அவர் அடுக்குச் சட்டியை மறுபடி ஒருமுறை இறுக்கி மாட்டினார். பிறகு கூடைக்குள் எட்டிப் பார்த்தார். கோப்பி தலைகீழாக அவரைப் பார்த்தது.

“ஆயிடும்” என்றார். “கொடு.”

“ஒங்களுக்கென்ன பை...” என்று ஆரம்பித்த அம்மா அந்தச் சொல்லைப் பாதியிலேயே விழுங்கிக்கொண்டாள். அப்பா கூடையை முன்னால் வைத்துச் சணல் போட்டுக் கட்டினார். ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் சடக்குப் பாதையில் மோட்டார் போவதையும், ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் கோழியுமாக அப்பா மேட்டில் ஏறி மறைவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பாவம் பத்து காஜா கூட்டாளி, இன்று அவருக்குச் சோறு நேரமாகிவிடும் என்று கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

பொழுது சாயும் நேரம் திரும்பி வந்தார். கூடைக்குள் கோப்பி உயிரோடு, அதே கோணலோடு. அப்பாவின் சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலம், அதில் மஞ்சள் நிறச் சத்து மாத்திரைகள்.

“டாக்டர் பாத்தாரா? என்னப்பா சொன்னாரு?”

அப்பா படியில் உட்கார்ந்தார். அம்மா நிலையில் சாய்ந்து நின்றாள். மாமாவும் வந்தார்.

“தேறிடுமாம். மெதுவாத்தான் தேறும்” என்றார் அப்பா. “மருந்த ஒரு நாள்கூட விடக்கூடாது. நல்லாயிடுச்சேன்னு நிறுத்திடக்கூடாது. சத்தம் போட்டா பயந்துக்கும். தனியா விடாம யாராச்சும் பக்கத்துல இருக்கணும். அது பாட்டுக்கு எதாச்சும் பேசுச்சுன்னா...”

“கோழி எப்படிப்பா பேசும்?”

“கத்துச்சுன்னா. கத்துச்சுன்னா யாரும் சிரிக்கக்கூடாது.” மாத்திரைப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். “சில சமயம் திரும்பவும் வருமாம். வந்தா அது மேல கோவப்படக்கூடாது.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கோழிக்குப் போய் அழுகிறாளே என்று எனக்கு ஆச்சரியம். கோப்பியை வெளியே எடுத்தேன். வலது காலில் சிவப்புத் துணி புதிதாகக் கட்டியிருந்தது. ஒரு முனை முயல் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. தஞ்சோங் ரம்புத்தான் டாக்டர் கெட்டிக்காரர்தான், எங்கள் வீட்டு முடிச்சைக்கூடச் சரியாகப் போடுகிறார் என்று நினைத்தேன்.

டாக்டரின் சட்டத்தை நான் லயம் முழுக்க அமல்படுத்தினேன். காலையும் மாலையும் அரை மாத்திரையை நுணுக்கிக் கஞ்சியில் கலக்கி ஊட்டினேன். வேலியோரம் போகிற பிள்ளைகள் சிரித்தால் கல்லை எடுத்தேன். மாமாவை, “சத்தம் போடாதீங்க மாமா, டாக்டர் சொல்லியிருக்காரு” என்று அதட்டினேன். ஆச்சரியம், மாமா சத்தத்தைக் குறைத்தார். பக்கத்து வீட்டு அக்கா அந்த ஊரின் பெயரையே விட்டுவிட்டாள். “கோப்பி பசியாறிடுச்சாடி?” என்று வீட்டு மனுஷரை விசாரிப்பது போல விசாரித்தாள். மூன்று வாரத்தில் அலகு முன்னால் வந்தது. அரிசியைக் குறிபார்த்துக் கொத்தியது. அடுத்த மழைக்குக் கழுத்து மறுபடி திருகிக்கொண்டது. நான் ஆத்திரத்தில் மைக் குழாயை வீசியெறிந்தேன். அம்மாதான் அதைத் தேடி எடுத்துக் கழுவிக் கொண்டுவந்தாள். “கோவப்படக்கூடாதுன்னு சொன்னாங்கள்ல?” என்றாள் மெதுவாக. ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது அம்மாவே கோப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, நான் இங்கதான இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோழியிடம் பேசுகிற பழக்கம் அம்மாவுக்கு என்றுமே இருந்ததில்லை. யாரிடம் பேசுவதற்காகப் பழகிக்கொள்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முன்னால் சித்தி வந்தாள். கொஞ்சம் குண்டாகியிருந்தாள். கை லேசாக நடுங்கியது. பேச்சு தூரத்திலிருந்து நடந்து வருவது போல வந்தது. வீட்டில் யாரும் குரலை உயர்த்தவில்லை. அம்மா காலையும் மாலையும் மறக்காமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். யாராவது ஒருவர் எப்போதும் சித்தியின் பக்கத்தில் இருந்தார்கள். கோப்பிக்கு நான் செய்ததையெல்லாம் அப்படியே பார்த்துச் செய்கிறார்கள் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

வந்த மறுநாள் சித்தி பின்படியில் உட்கார்ந்தாள். கோப்பி தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி வந்து நின்றது. அந்தச் சாய்வு கடைசிவரை போகவே இல்லை.

“இருக்குதே” என்றாள் சித்தி.

“பாத்துக்கிட்டேன்ல! இதுக்கு சீக்கு வந்துச்சு சித்தி. அப்பா தஞ்சோங் ரம்புத்தான்ல காட்டி மருந்து வாங்கிட்டு வந்தாங்க. ஒங்களுக்குத் தெரியாது, நீங்க தெலுக் இந்தான்ல இருந்தீங்க.”

அப்பா குனிந்து மோட்டார்ச் சங்கிலியைப் பார்க்க ஆரம்பித்தார். சித்தி கோப்பியை எடுத்து மடியில் வைத்து, அதன் கால் முடிச்சை நடுங்கும் விரலால் தடவினாள்.

“தெரியும்டி” என்றாள். “அன்னிக்கு ரொம்ப நேரம் என் மடியிலதான் இருந்துச்சு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட பழைய சிரிப்பு. அம்மா பின்வாசலுக்கு வந்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை பள்ளியில், சுவரில் மாட்டியிருந்த பேராக் மாநில வரைபடத்தின் முன்னால் போய் நின்றேன். ஒரு விரலைத் தெலுக் இந்தான் மேலும் இன்னொன்றைத் தஞ்சோங் ரம்புத்தான் மேலும் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. படத்தை யாரோ தப்பாக வரைந்துவிட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டு போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.