ஆடு கதையிலயா, தெருவுலயா?

போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செஞ்சியில் எங்கள் வீட்டு மாடி அறை. மூன்று விருந்தாளிகள், ஒரு மேஜை, ஒரு பை நிறையப் பகடைகள். அன்று காலையிலிருந்தே நான் மாடிக்கும் வாசலுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

என்ன விளையாட்டு என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசியே ஆடும் மாயாஜாலச் சாகசம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வாள்வீரன், மந்திரக்காரி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம். 'நான் கதவை உடைக்கிறேன்', 'நான் மதில் ஏறுகிறேன்' என்று சொல்ல வேண்டியது. அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். அவ்வளவுதான். ஆனால் உள்ளே போய்விட்டால் வெளியே வர மனசே வராது!

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வாரம் முழுக்க ஊசியும் குப்பியும்தான். ஞாயிறு மாலையில் செல்போன் வழியாக இந்தக் கூட்டத்தோடு ஆடுவது ஒன்றுதான் எனக்கே எனக்கென்று இருந்த நேரம். விழுப்புரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன், திண்டிவனத்திலிருந்து ஒரு கணவன் மனைவி, அப்புறம் நான். மூன்று பேரும் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அண்ணன், நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே ஆடத் தொடங்கியவர்.

எங்களுக்குக் கதை நடத்தியவருக்குத் திடீரென்று வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. கதை பாதியில் நின்றது. ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்று பேச்சு வந்தபோது என் வாய் சும்மா இருந்ததா? "நான் நடத்துறேன், ஒரு நாள் நேர்ல செஞ்சிக்கு வாங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

"வர்றோம்மா. சரியா வந்தா தொடருவோம், இல்லன்னா இத்தோட முடிச்சுக்கலாம்" என்றார் அண்ணன். எனக்குத் தூக்கம் போனது.

புதுக் கதைதான் தயார் செய்தேன். ஜன்னலைத் திறந்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை நிற்கும்போது கோட்டைக்கு எங்கே போய்த் தேடுவது? மூன்று மலை, மலைக்கு மலை மதில், அகழி, தூக்குப்பாலம், உச்சியில் புதையலைக் காக்கும் பூதம். வழியெல்லாம் பொறி வைத்தேன். மாட்டினார்கள் என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

அவர்கள் வந்ததும் அம்மா வேகவைத்த மல்லாட்டையோடு, அதுதான் வேர்க்கடலை, மாடிக்கு வந்து பகடைகளைப் பார்த்தார். "இன்னாடி இது, பெரியவங்கள இவ்ளோ தூரம் வரவச்சி தாயம் ஆடப் போறியா?" அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குத்தான் மானம் போனது.

ஆட்டம் தொடங்கியது. அடக் கடவுளே! என் தூக்குப்பாலத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மந்திரக்காரியாக ஆடிய திண்டிவனத்து அக்கா அகழித் தண்ணீரைப் பனிக்கட்டியாக்கினார். மூவரும் நடந்தே வந்துவிட்டார்கள். பொறிகளையெல்லாம் அக்காவின் வீட்டுக்காரர், அவர்தான் திருடன், பூப்பறிப்பது போல எடுத்துப் போட்டார். பூதத்தோடு சண்டையாவது நடக்கும் என்று பார்த்தால், அண்ணன் அதனிடம் நயமாகப் பேசி, 'எவ்வளவு காலம்தான் காவல் காப்பே, போய் ரெஸ்ட் எடு' என்று அனுப்பியே வைத்துவிட்டார். சாயங்காலம் வரை வரும் என்று நான் நினைத்த கதை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துபோனது.

"நல்லா இருந்துச்சும்மா" என்றார் அண்ணன். பெண் பார்க்க வந்தவர்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்களே, அதே குரல். அக்கா கைப்பையைத் தேடினார்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே, "ம்மே" என்று ஒரு சத்தம். எதிர்வீட்டு ஆடு.

அக்காவின் கை அப்படியே நின்றது. "இரு இரு. அந்த ஆடு கதையிலயா, தெருவுலயா?"

"கதையிலதான்க்கா" என்று எப்படிச் சொன்னேனோ, எனக்கே தெரியாது.

அனுபவசாலிகளுக்கு ஒரு வியாதி உண்டு. கதை நடத்துகிறவர் வாயில் எது வந்தாலும் சந்தேகப்படுவார்கள். யாருமில்லாத கோட்டை உச்சியில் ஆடா? அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்தார். "கழுத்துல மணி இருக்குதா?" இருக்குது. "நிழல் விழுதா?" விழலண்ணே! அவ்வளவுதான், புதையலை அப்படியே போட்டுவிட்டு மூவரும் ஆட்டின் பின்னால் ஓடினார்கள். அது பாறைக்குப் பாறை தாவியது. திருடன் கால் வழுக்கித் தொங்க, மந்திரக்காரி கயிறு வீச, பகடை உருள, மாடியே அதிர்ந்தது.

கீழே இருந்த நைனா, என் அப்பா, பதறிக்கொண்டு மேலே ஏறி வந்தார். "இன்னா சண்டை?"

"ஆட்டத் தொரத்துறோம் நைனா!"

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "அது இங்கதான நிக்குது, அதப் போயி எதுக்குத் தொரத்துறீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார். சாப்பாடு ஆறிப்போனது, யாருக்கும் பசிக்கவில்லை.

கடைசியில் ஒரு குகையில் ஆட்டை மடக்கிவிட்டார்கள். "நீ யாரு?" என்று கேட்டு அண்ணன் பகடையை உருட்டினார். இருபது முகப் பகடை. இருபதே விழுந்தது! அதற்கு மேலே கிடையாது. ஆடு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். மூவரும் என் வாயைப் பார்த்தார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் அது யாரென்று? அது எதிர்வீட்டு ஆடு! இதோடு எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சரி, வருவது வரட்டும் என்று அண்ணனையே பார்த்துக் கேட்டேன்.

"அண்ணே, அது ஒண்ணும் பேசல. உங்களையே பாக்குது, கண்ணு கலங்கியிருக்குது. இந்தக் கண்ண நீங்க முன்னாடி எங்கியோ பாத்திருக்கீங்க. எங்கண்ணே?"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அண்ணன் பகடையை விரலால் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"ஆத்தங்கரையில" என்றார் மெதுவாக. "நம்ம சமையல்காரன்ம்மா இது."

பாதியில் நின்ற பழைய கதையில் எங்களோடு ஒரு சமையல்காரன் வருவான். நான் மறந்தே போயிருந்தேன்.

"வெள்ளத்துல பாலம் போனப்போ, திரும்பி வந்து கூட்டிக்கிறேன்டான்னு சொல்லி நான்தான் அவன அந்தக் கரையில விட்டுட்டு வந்தேன். அதுக்குள்ள கதை நின்னுபோச்சு. அவன் அங்கியே நிக்கிறான்னு எனக்கு அடிக்கடி தோணும்மா." இல்லாத ஒரு சமையல்காரனுக்காக அந்தப் பெரிய மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ இது நம்ம பழைய கதையா!" என்று அக்கா கத்தினார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "ஆமாங்க்கா" என்றேன். அந்த நிமிஷம் அது பொய்யே இல்லை.

அண்ணன் மேஜையில் கிடந்த பகடைகளையெல்லாம் கூட்டி அள்ளி என் பக்கம் தள்ளினார். "அவன மறுபடி மனுஷனாக்குற வழி எங்க இருக்குதுன்னு யோசிச்சி வை. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றோம்."

நான் அழுதேனா சிரித்தேனா, ஞாபகமில்லை. எங்கள் கூட்டம் இன்றைக்கும் கலையவில்லை. அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் விழிக்கும்போதெல்லாம் இப்போது எனக்குப் பயம் வருவதில்லை. எதிரே இருப்பவருக்குள் எந்தக் கதை பாதியில் நிற்கிறதோ என்று நினைத்து, ஒன்றைக் கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கிறேன்.