துர்காவின் தலைமுடி

ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் வாங்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது நிறம். ரோஸ் கலர் இருக்கிறதா, பூப்போட்டது இருக்கிறதா. தகடு பீங்கான் பூச்சா, வெறும் உலோகமா, சூட்டைக் கூட்டிக் குறைக்க வழி உண்டா என்று கேட்பவர்கள் அபூர்வம். ஆரணி பஜாரில் ஃபேன்ஸி ஸ்டோர் போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு இதில் எரிச்சல்தான் வரும். தலையில் நெருப்பை வைத்துக்கொள்வதை வளையல் வாங்குவது மாதிரியா வாங்குவது? சொன்னால் யார் கேட்கிறார்கள். துர்கா ஒருத்தி கேட்டாள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்படியும் அவளுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

துர்காவைச் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் அவள் வீடு. அப்பா தங்கவேலு கொத்தனார். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். அவர் தலை கம்பளியைச் சுருட்டி வைத்ததுபோல இருக்கும். மகளுக்கு அவர் விட்டுப்போன சொத்து அந்த முடி ஒன்றுதான். சீப்பு நுழையாது, மழை நாளில் உப்பிக்கொள்ளும். பள்ளியில் அவளுக்குப் பெயர் பரட்டை. அதனால் அவள் அம்மா கை நிறைய எண்ணெயை அறைந்து, கண் இழுபடும் அளவுக்கு இறுக்கி, இரட்டைச் சடை போட்டு அனுப்புவாள். அவளுடைய பழைய போட்டோ எதை எடுத்துப் பார்த்தாலும் எண்ணெய் வழிகிற மண்டை தெரியும், சுருள் தெரியாது. இது பின்னால் தேவைப்படும், அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பன்னிரண்டாவது முடித்ததும் சேலை மடிக்கும் வேலைக்குப் போனாள். இப்போதெல்லாம் கல்யாணப் பெண்ணின் பட்டுச் சேலையை முன்கூட்டியே கொசுவம் வைத்து, முந்தானையை மடித்து, ஊசி குத்தி, பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பெண் எடுத்துச் சுற்றிக்கொண்டால் போதும். பட்டு நெய்கிற ஊரில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. கொசுவத்தின் ஓரம் விறைப்பாக நிற்க இஸ்திரிப் பெட்டி தோதுப்படாது. அதற்கு ஹேர் ஸ்ட்ரெய்ட்னரைத்தான் வைத்திருப்பார்கள். மடிப்பை இரண்டு தகடுக்கும் நடுவில் கொடுத்து இழுத்தால் கத்தி மாதிரி நிற்கும். துர்கா அந்த மிஷினை முதன்முதலில் பிடித்தது சேலைக்குத்தான், தலைக்கு அல்ல.

ஒரு நாள் வேலை முடிந்து மிஷின் ஆறுவதற்குள் தன் தலையிலிருந்து ஒரு கற்றையை எடுத்து அதில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அதையும் எப்படிச் செய்தாள்? காட்டன் சேலைக்குத் தெளிக்கிற மாதிரி முடியின் மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டுச் செய்தாள். சொய்யென்று சத்தம் வந்து நுனி பொரிந்துபோயிற்று. சேலை மடிக்கிறவளைத் தவிர வேறு யாருக்கும் அப்படிச் செய்யத் தோன்றாது. ஆனால் பொரிந்த இடத்துக்கு மேலே முடி நேராக இருந்தது. அவள் கண்ணில் பட்டது அதுதான்.

மறுநாள் என் கடைக்கு வந்தாள்.

"அக்கா, பட்டுக்கு வெக்கிற சூடு தலைக்கு ஆவுமா?"

"ஆவாது. தலைக்கு அதவிட கம்மியாத்தான் வெக்கணும். ஈரம் இருக்கக் கூடாது, எண்ணெ இருக்கக் கூடாது. கிரீம் தடவிகினு, கொஞ்சங் கொஞ்சமா முடி எடுத்து, ஒரே இழுப்பா இழுத்துடணும். ஒரே எடத்துல நிறுத்தினா கருகிடும்."

"என் முடிக்கு அந்தச் சூடு பத்துமா?"

"பத்தலன்னா விட்டுடு. உன் தலைக்கு இப்ப இன்னா கொறச்சல்?"

"உங்க முடி நேரா கீது, நீங்க சொல்வீங்க" என்று சிரித்தாள்.

அடர்த்தியான முடிக்கு அகலத் தகடுதான் சரிப்படும் என்று, சூட்டைக் குறைக்கும் பொத்தான் உள்ளதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். முதல் வாரமே காதைச் சுட்டுக்கொண்டாள். இடது காது மடலின் மேல் ஓரத்தில் கறுப்பாக ஒரு தழும்பு விழுந்தது. அதற்கப்புறம் மிஷினைக் கையில் எடுக்கும் முன்பே காது மடலை விரலால் மடித்துப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது.

அதுவரை அவளைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் யாரும் திரும்பி வரவில்லை. "பொண்ணு பரவால்ல, தலதான் ஒரு மாதிரி கீது" என்று ஒரு அம்மாள் வாசற்படியிலேயே சொல்லிவிட்டுப் போனாள். முடி நேரானதும் வெம்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் ரஞ்சித்குமார், செய்யாற்றில் கம்பெனி வேலை. அவன் அம்மா முனியம்மாள் பெண்ணைத் திரும்பி உட்காரச் சொல்லி, வைத்திருப்பது சவுரியா சொந்த முடியா என்று சடையை அவிழ்த்துப் பார்த்தாள். சொந்த முடிதான். கையால் நீவி, "பட்டு மாதிரி கீது" என்றாள். அன்றைக்கே பூ வைத்துவிட்டார்கள்.

கல்யாணமாகி ஆரணியிலேயே வாடகை வீட்டில் குடியிருந்தார்கள். அவனுக்கு ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனபிறகுதான் துர்கா தலைக்குக் குளிப்பாள். அவன் வருவதற்குள் காயவைத்து, இழுத்து, நேராக்கிவிடுவாள். அவள் ஈரத் தலையை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. மழையில் நனைந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று மேகம் கறுத்தாலே வெளியே கிளம்ப மாட்டாள். புருஷனுக்குப் பயந்து வாழ்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், மழைக்குப் பயந்து வாழ்ந்தவளை அங்கேதான் பார்த்தேன்.

"அவருகிட்ட சொல்லிடேன்டி. முடிதான, கொலையா பண்ணிட்ட?" என்றேன்.

"இப்ப சொன்னா ஏமாத்திட்டன்னு ஆவும்க்கா. ஒரு கொழந்த பொறக்கட்டும், சொல்லிடறன்."

குழந்தை பிறந்தது. நிலா என்று பெயர் வைத்தார்கள். பிறந்தபோது தலையில் பஞ்சு மாதிரி மெல்லிய முடிதான். குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். அதற்குப் பிறகு முளைத்தது அச்சு அசல் தங்கவேலுவின் முடி. முனியம்மாள் முதல் மொட்டை சரியில்லை என்று இன்னொரு மொட்டை போட வைத்தாள். மறுபடியும் சுருண்டுதான் வந்தது. ஒரு விசேஷ வீட்டில், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் சொன்னாள்:

"எங்க வகையிலயும் இப்படி முடி இல்ல, இவ தலயும் நேராத்தான் கீது. இது யாரு ஜாடைன்னு நானும் பாத்துகினுதான் கீறன்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் துர்கா வாயைத் திறந்து சண்டையாவது போட்டிருக்கலாம். ரஞ்சித்குமார் குழந்தையைத் தூக்குவதை நிறுத்தினான். வெம்பாக்கத்திலிருந்து கம்பெனிக்குப் போவது வசதி என்று சொல்லிக்கொண்டு அம்மா வீட்டுக்கே போய்விட்டான்.

துர்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். துணைக்கு நானும் போனேன். "இது என் முடி அத்தை. எங்க அப்பா முடி. நான்தான் மிஷின் வெச்சி மறச்சிட்டேன்" என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவள் கொண்டுபோன போட்டோக்களை முனியம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் எண்ணெய்ச் சடை. அப்பா இருந்த ஒரே போட்டோவில் அவர் தலையில் முண்டாசு. நானும் சாட்சி சொன்னேன். "நீ அவளுக்கு வேண்டியவ, அப்படித்தான் சொல்லுவ" என்றாள் என்னிடம்.

"இருங்க, இங்கயே தண்ணி ஊத்திக் காட்றன்" என்று துர்கா தொட்டியடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வெயிலில் முடி காய்ந்தது. சுருளவில்லை.

வருஷக்கணக்கில் சூடு பட்ட முடி அது. போகப்போகப் பொத்தானைக் கூட்டிக்கொண்டே வந்து, கடைசியில் பட்டுக்கு வைக்கிற சூட்டையே தலைக்கும் வைத்திருக்கிறாள். முடியில் உயிரே இல்லை, தென்னந்துடைப்பம் மாதிரித் தொங்கியது. வேர்ப்பக்கத்தில் மட்டும் லேசாக நெளிவு தெரிந்தது. அதை நான் காட்டினேன். "மிஷின் சூட்டுல சுருங்கினது அது" என்று முனியம்மாள் முடித்துவிட்டாள். ரஞ்சித்குமார் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியைத் துர்கா தன் கையாலேயே பொசுக்கியிருந்தாள்.

அங்கிருந்து வரும் வழியில் ரஞ்சித்குமார் வீட்டுக் குலதெய்வம் கோயிலில் இறங்கி, மொட்டை போட்டுக்கொள்ள உட்கார்ந்துவிட்டாள். பூமுடியாக நுனியில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தால் போதும் என்று பூசாரி சொன்னதைக் கேட்கவில்லை. மழித்து முடித்ததும் தழும்பு விழுந்த அந்தக் காது தனியாகத் தெரிந்தது.

பிறகு அம்மா வீட்டில் காத்திருந்தாள். முடி வளர்வதற்குக் காத்திருப்பதைப்போல ஒரு தண்டனை கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்தால் வளராது. தெருவில் கேலி பேசினார்கள். புருஷன் இருக்கும்போதே இது என்ன கோலம் என்று அவள் அம்மாவே அழுதாள். துர்கா உள்ளங்கையால் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சேலை மடித்துக்கொண்டிருந்தாள். மெல்லச் சுருள் விட்டது. நிலாவைப் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே கொடியில் காய்த்த இரண்டு காய் மாதிரி இருந்தார்கள். அந்த வாரமே ரஞ்சித்குமாருக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தான். இரண்டு தலையையும் பார்த்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுதான். "அம்மா பேசினத மனசுல வெச்சிக்காத" என்றான். முனியம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்ப மொதல்லருந்தே நம்மள ஏமாத்திதான் கீறா. சரி, போவட்டும். ஊரு சிரிக்காம பழையபடி தலைய வெச்சிக்கச் சொல்லு" என்றாளாம்.

துர்காவைக் கூட்டிப்போவதற்கு முன்னால் அவன் என் கடைக்கு வந்தான்.

"அக்கா, நல்ல மிஷினா ஒண்ணு குடுங்க. சின்னப் பசங்களுக்கும் ஆவற மாதிரி, கம்மி சூட்டுல."

"கொழந்த தலைக்கா கேக்கற? அறிவு கீதா உனக்கு?"

"இல்லக்கா, அம்மா..." என்று இழுத்தான்.

இல்லை, போ என்று சொல்லிவிட்டேன். பஜாரில் என் கடை ஒன்றுதானா இருக்கிறது?

அவர்கள் சேர்ந்து வாழ ஆரம்பித்து வெகு நாள் கழித்து, என் தங்கை மகள் கல்யாணச் சேலையை மடிக்கக் கொடுக்கத் துர்கா வீட்டுக்குப் போனேன். அவள் முடி தோள் வரைக்கும் வளர்ந்து, நேராகப் படிந்திருந்தது. அவள் பாடு, நான் ஒன்றும் கேட்கவில்லை. நிலா மூலையில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். எண்ணெய் வைத்து, இரண்டு சடை போட்டு, ரிப்பன் கட்டியிருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கொழந்தைக்கும் வெக்கறியாடி?"

"ஐயோ, இல்லக்கா. அவளுக்கு எதுக்கு? நான் பட்டது போதாதா?"

என் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. இந்த ஒன்றிலாவது அவள் ஜெயித்தாளே என்று சந்தோஷமாகச் சேலையைப் பிரித்துக் கொடுத்தேன். துர்கா கொசுவம் பிடித்து, கிளிப் போட்டு, மிஷினைச் செருகிச் சுவிட்சைத் தட்டினாள்.

சத்தம் கேட்டதும் நிலா சொப்பைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே, சின்ன விரலால் தன் காது மடலை மடித்துப் பிடித்துக்கொண்டாள்.