யோகேஸ்வரியின் வேன்

வணக்கம் சொல்லாமல் யோகேஸ்வரியின் ஸ்கூல் வேனில் யாரும் ஏற முடியாது. வாயால் சொன்னால் செல்லாது. முன் சீட்டில் இருக்கும் அவருடைய ஏழு வயது மகள் லோஷினியின் முகத்துக்கு நேரே கையசைத்துச் சொல்ல வேண்டும். மலேசியாவின் தம்போய் வட்டாரத்தில் காலை ஆறு மணிக்கு அரைத்தூக்கத்தோடு வரும் பிள்ளைகளுக்கும் இதுதான் சட்டம். மறந்தவரை, "எறங்கி மறுபடி ஏறு லா" என்று இறக்கிவிடுவார்.

லோஷினிக்கு ஐந்து வயதுவரை ஓயாத வாய். பிறகு சில வாரங்களில் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. செவிடாகிவிட்டாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். சோதித்தால் காதில் பழுதில்லை. தூங்கும்போது எடுத்த மூளை மின்பதிவில்தான் வலிப்பு தெரிந்தது. கைகால் இழுக்காத வலிப்பு. மாத்திரையில் அது அடங்கியது, பேச்சு திரும்பவில்லை. ஸ்கேனை அளந்து பார்த்த டாக்டர், சொல்லைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதிகள் வயதுக்குச் சற்று மெலிந்திருப்பதாகச் சொன்னார். பேச்சு திரும்புமா என்பதற்கு அவரிடம் உறுதியான பதில் இல்லை.

யோகேஸ்வரி கார் பார்க்கில் போய் அழுதார். முகம் கழுவிக்கொண்டு மறுபடி மாடியேறினார்.

"கண்ணால பாக்குற எடம், கைய ஆட்டுற எடம், அதெல்லாம் நல்லா இருக்கா டாக்டர்?"

"நல்லா இருக்கும்மா."

"அப்ப நான் அந்த வழியா போறேன்."

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் ஜொகூர் பாருவில் சைகைமொழி வகுப்பு. அங்கே கற்றதைத் திங்களன்று வேன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். "எம்புள்ள என்ன ஊமையா?" என்று ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தார். வேறு வேன் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அமைதியாகச் சொல்லி அனுப்பினார் யோகேஸ்வரி.

பசி, தண்ணீர், போதும். இந்த இரண்டு வருடத்தில் கேட்டதற்கு மட்டும்தான் லோஷினியின் கை பதில் சொன்னது. தானாக அவள் எதையும் கேட்டதில்லை.

போன வியாழக்கிழமை வாசுகி என்ற சிறுமி காய்ச்சலால் வரவில்லை. வேன் பாதி தூரம் போனபின் லோஷினி பின்னால் திரும்பிக் காலி இருக்கையைப் பார்த்தாள். அதைச் சுட்டிக்காட்டி, அம்மாவின் தோளைத் தட்டி, உள்ளங்கையை விரித்து அசைத்தாள்: எங்கே?

பள்ளிக்கு நேரமாகிறது என்று பின்னால் யாரோ சொன்னார்கள். யோகேஸ்வரி வேனை ஓரங்கட்டினார், இன்ஜினை அணைத்தார், ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டு மகளின் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.