புதன்கிழமை ஓனர்

பழவேற்காட்டில் வாய் கூசாமல் பொய் சொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. கௌஸ் மைதீன் பாய் பக்கத்தில் அவர்களில் ஒருத்தனும் நிற்க முடியாது. தன் முப்பாட்டனாருக்கு ஏழு கப்பல் என்பார். கேட்கிறவன் கொஞ்சம் வாயைப் பிளந்தால் ஒன்பதாகிவிடும். அவரிடம் இருந்தது என்னவோ ஒரே ஒரு பழைய வேன். குப்பத்துப் பெண்களின் இறால் கூடைகளை மீஞ்சூர் ரயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். முன் சீட்டில் ஈரக் கூடை வைக்கக் கூடாது, ஹாரனை வேறு யாரும் தொடக் கூடாது என்று அந்த ஓட்டை வண்டிக்கு ஏகப்பட்ட சட்டம் வேறு.

எழுபத்து நாலில் பெட்ரோல் விலை எகிறியது. வண்டி நின்றுபோனது. மூன்று மாதம் அதில் கோழிகள்தான் ஏறி இறங்கின. மண்ணடியில் கடை வைத்திருந்த மச்சான் அப்துல் ஹை, வண்டியை எடைக்குப் போட்டுவிட்டு வந்து தன் கடையில் பார்சல் கட்டும்படி கடிதம் எழுதினார். மச்சான் கடையில் கைகட்டி நிற்பதைவிட ஏரியில் விழலாம் என்று பாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

யுத்த காலத்தில் பஸ்கள் கரி கேஸில் ஓடியது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. பொன்னேரியில் ஒரு வெல்டிங் கடையில் பழியாய்க் கிடந்து, வண்டியின் பின்னால் ஓர் இரும்பு டிரம்மைப் பொருத்திக்கொண்டு வந்தார். டிரம்முக்குள் கரி கனலும். அதிலிருந்து வரும் கேஸ், தேங்காய் நார் அடைத்த டப்பா வழியாக எஞ்சினுக்குப் போகும். அரை மணி நேரம் கையால் காற்றாடி சுற்றிக் கரியைக் கனலவைத்தபின் வண்டி இருமியது, பிறகு நகர்ந்தது. பாய் நடுத்தெருவில் நின்று அழுதார்.

கரிக்கு எங்கே போவது? சுண்ணாம்புக்குளத்தில் சவுக்குக் கரி சுடும் சின்னதம்பியையும், லைட்ஹவுஸ் குப்பத்தில் இறால் விற்கும் பெண்களுக்கெல்லாம் தலைவியாக இருந்த பச்சையம்மாவையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். ஊருக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான். கூட்டு முயற்சியின் மேன்மை பற்றி நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். மனுஷன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“பெருசா ஒண்ணியும் இல்ல. கரிக்குப் பாடு போட்டுக்கலாம். ஒரு நாளு நீங்க, ஒரு நாளு அவங்க” என்றார்.

இருவரும் உடனே தலையாட்டினார்கள். குப்பத்தில் எந்த விஷயமும் இவ்வளவு சீக்கிரம் முடிந்து நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பாய்க்குப் பாடு என்றால் வெறும் முறை. ஏரியில் இறங்குகிறவர்களுக்கு அப்படியில்லை. நன்றாக மீன் படுகிற இடங்களைச் சீட்டுப் போட்டு நாள்வாரியாகப் பிரித்துக்கொள்வார்கள். பாடு யாருக்கு விழுந்ததோ, அன்றைக்கு அந்த இடம் முழுக்க அவர்களுடையது. வேறு எவனாவது வலை நனைத்தால் பஞ்சாயத்துதான். தலைமுறை தலைமுறையாகக் கரையில் நின்று விலை மட்டுமே பேசிய குடும்பத்து ஆளுக்கு இது எங்கே தெரியப் போகிறது?

முதல் பாடு குப்பத்துக்கு, வியாழக்கிழமை. பச்சையம்மா கரி மூட்டையை இறக்கினாள். தண்ணீர் சொட்டும் கூடையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எட்டி ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினாள்.

“எம்மா, இன்னா பண்றே?”

“இன்னிக்குப் பாடு எங்களுது பாய். மீஞ்சூர்ல கூடைய எறக்கிட்டு, அப்டியே எம் பொண்ணு ஊட்டாண்ட நிறுத்து.”

“வண்டி என்னுது!”

“ஏரி கவர்மெண்டுது. பாடன்னிக்கு கவர்மெண்டா வந்து வலை போடுது?”

சட்டம் படித்தவர்களிடம்கூட நான் கேட்டுப் பார்த்துவிட்டேன், இதற்குப் பதில் இல்லை. பாய் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்துவிட்டார். அவர் மனைவி ராபியா அசரவில்லை.

“கரி இல்லாம வண்டி ஓடாது. ஒண்ணு சாவியக் கொண்டுபோய்க் குடுங்க. இல்லாட்டி அண்ணனுக்கு எழுதறேன், மண்ணடிக்குப் பொறப்படுங்க” என்றார்.

அன்று சாயங்காலம் குப்பத்துப் பஞ்சாயத்தில், தன் சொந்த வண்டியில் தனக்கும் ஒரு பாடு கேட்டுக் கெஞ்சினார் கௌஸ் மைதீன் பாய். சீட்டுக் குலுக்கினார்கள். புதன்கிழமை விழுந்தது. அதற்கும் ஒரு மூட்டை கரி அவரே கொண்டுவர வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

எட்டு வருஷம் அப்படியே ஓடியது. புதன்கிழமை ஓனர், மற்ற ஆறு நாளும் டிரைவர். பச்சையம்மாவின் பாடு நாளில் வண்டி கல்யாணத்துக்குப் போனது, பிரசவத்துக்குப் போனது. சின்னதம்பியின் பாடு நாளில் ஓர் ஆடு முன் சீட்டில் காற்று வாங்கிக்கொண்டு பொன்னேரி போனது. பாய் தொண்டை கிழியக் கத்துவார். மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாக வந்து டிரம்மைப் பற்ற வைப்பார். புதன்கிழமைகளில் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார். கரி வண்டி ஓட்ட வெள்ளைச் சட்டை! ராபியா துவைத்துத் துவைத்து அலுத்துப்போனார்.

எண்பத்திரண்டில் மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி பெட்ரோல் ஜீப்பில் வந்து, பெட்ரோல் இல்லாமல் ஓடும் வண்டிகளைப் பரப்புவது பற்றிப் பேசினார். உள்ளூர்க்காரர்களே சேர்ந்து ஓட்டுவது பிரமாதம் என்றார். ஓனருக்குப் புது வேன், புது டிரம், எல்லாம் இலவசமாம். பழைய எஞ்சின் அடுத்த மழைக்குத் தாங்காது என்பது பாய்க்கு நன்றாகவே தெரியும். வண்டி நின்றால் மண்ணடிதான். ஆர்.சி. புத்தகம் இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஏழு நாளும் அவரே ஓனர்.

“ஓனர் யாருங்க? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

பாய் பேனாவை வாங்கினார். காகிதத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

“இன்னிக்கு வியாழன் சார்.”

“அதனால?”

“வியாழக்கிழமை பச்சையம்மாதான் ஓனரு. நான் புதன்கிழமைதான்.”

அதிகாரி சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஓனர் என்பதற்குப் படிவத்தில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, கிழமைக்கெல்லாம் இடமில்லை என்று கத்தினார். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

பச்சையம்மா இடுப்பில் கை வைத்துப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா பாய் நீ! ‘போய்ட்டு புதன்கிழமை வாங்க சார்’னு ஒரு வார்த்த சொல்லிருந்தா புது வண்டி வந்துருக்கும். அதுக்கும் பாடு போட்டுருப்போம்ல?”

பாய் ஜீப் போன ரோட்டையே வெறித்துக்கொண்டு நின்றார்.

“தோணவே இல்லியேக்கா” என்றார்.