ஐந்தாம் மாடியில் அப்பா

சர்க்கரை வியாதியில் அப்பாவின் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. எந்த மனுப் போராங்கை நிரப்பினாலும் அப்பாவுக்குக் கால் இல்லை என்று அதில் எழுதக் கூடாது. சட்டத்தைப் போட்டவர் அப்பாதான்.

சிரிக்காதீர்கள். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியும். வேலைக்கு ஆள் இருந்தால்தான் லயத்து வரிசையில் வீடு. முதுகு போனது, கண் போனது என்று வெளியே தெரிந்தால் ஆபீஸ் கிராணி வாசலில் வந்து நிற்பார், எப்போது காலி பண்ணுகிறீர்கள் என்று. அதனால் எங்கள் ஆட்கள் நோயை ஒளிப்பதில் கெட்டிக்காரர்கள். இருமல்காரரை உள்ளறையில் படுக்க வைத்துவிட்டு ‘சித்தியவானுக்குப் போயிருக்காரு’ என்று சொல்லிய குடும்பம் எனக்குத் தெரியும். அவர் இரும ஆரம்பித்தால் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள்.

எங்கள் தோட்டம் கைமாறி, லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்றதும் லூனாஸ் பக்கம் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் இருந்த மலிவு வாடகை பிளாட்டுக்கு மனுப் போட்டோம். நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். சம்பளச் சீட்டு உள்ள ஒரே ஆள் என்பதால் மனு என் பேரில். மூன்றாவது பக்கத்தில் ஒரு கேள்வி: குடும்பத்தில் உடற்குறை உள்ளவர் உண்டா? அப்பா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“தீடாக்னு போடு.”

“போட்டாச்சுப்பா.”

“அழுத்திப் போடும்மா. யாராச்சும் அழிச்சிட்டு மாத்தி எழுதினா?”

தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, மலாயில் ‘இல்லை’ என்று எழுதினேன். யாருக்கு எந்த வீடு என்று மண்டபத்தில் சீட்டுக் குலுக்கியபோது எனக்கு ஐந்தாவது மாடி விழுந்தது. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அம்மா “மாதாவே!” என்று நெஞ்சில் கை வைத்தவர், வீடு வரும் வரை எடுக்கவில்லை.

லயத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கீழ்வீடு விழுந்திருந்தது. அவர் அதிகம் யோசிக்கிற ஆள் இல்லை. “எனக்கு ரெண்டு கால் இருக்கு, நான் ஏறிக்கிறேன். பெரியப்பா கீழ இருக்கட்டும் லா” என்று சொல்லிவிட்டுச் சாவியை நீட்டினார். கார் நிறுத்துமிடத்திலேயே மாற்றிக்கொண்டோம். யாரையும் கேட்கவில்லை. தோட்டத்தில் இரண்டு பெண்கள் பேசி வீடு மாற்றிக்கொள்வது சாதாரண விஷயம். சர்க்கார் வீட்டுக்கு அது செல்லாது என்று எங்களுக்கு உறைக்கவே இல்லை.

அப்பாவுக்கு அந்தக் கீழ்வீட்டில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். காலை ஏழு மணிக்குச் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு, முக்கில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய மாமாக் கடைக்குத் தே குடிக்கப் போக வேண்டும். பாலும் சீனியும் இல்லாத ஒரு தே ஓ கோசோங், கடைக்காரரோடு அரை மணி நேர அரசியல், திரும்பி வருகை. யாரும் பின்னால் நின்று தள்ளக் கூடாது. ஒரு தடவை நான் கை வைத்துவிட்டேன். “நான் என்ன கள்ளு வண்டியா?” என்று கத்தினார். அதோடு விட்டுவிட்டேன். கால் போன பிறகு அவருடையது என்று மிஞ்சியது அந்தப் பாதைதான்.

ஆறு மாதம் நிம்மதியாகப் போனது. பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்: அதிகாரி சோதனைக்கு வருவார், அவரவர் வீட்டில் அவரவர் இருக்க வேண்டும், ஆள் மாறியிருந்தால் வீடு பறிபோகும்.

சோதனை நாளன்று விடிந்ததும் கூத்து ஆரம்பித்தது. அக்காவின் அண்டா குண்டா, மிக்சி, துணிமணி எல்லாம் கீழே இறங்கின. எங்கள் சாமான்கள் மேலே ஏறின. இரண்டு கூட்டமும் மூன்றாவது மாடி திருப்பத்தில் முட்டிக்கொண்டு, உன் பாயா என் பாயா என்று சண்டை வேறு. அம்மா இருதய ஆண்டவர் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். கடைசியில் அப்பா. அக்காவின் வீட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். கையில் ஒரு தடி இருந்திருந்தால் ராஜா மாதிரிதான் இருந்திருப்பார். ஆனால் முகம் செத்துப் போயிருந்தது. நாலாவது மாடியில் “இறக்கி வைங்கடா, நான் பொய் சொல்ல மாட்டேன்” என்றார்.

“பொய் வேணாம்ப்பா, பேசாம இருந்தா போதும்” என்றேன்.

அதிகாரி நாற்பது வயதுள்ள மலாய்ப் பெண்மணி. ஐந்து மாடி ஏறி, மூச்சு வாங்கி, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தவர் சுவரில் இருதய ஆண்டவரையும் பக்கத்திலேயே முருகனையும் பார்த்தார். அவசரத்தில் அக்கா முருகனை விட்டுவிட்டு இறங்கியிருந்தார். அம்மா தனக்குத் தெரிந்த மலாயில், பக்கத்து வீட்டுச் சாமி, பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார். அதிகாரி தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அப்பாவைப் பார்த்தார். கைலிக்குக் கீழே ஒரு பாதம்தான் இருந்தது.

“பக்சிக், இங்கேதான் இருக்கிறீர்களா?” என்று மரியாதையாக மலாயில் கேட்டார்.

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “ஆமாம், புவான். இருபது நிமிஷமா.”

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா ஜெபமாலையைத் தேடினார். அப்பா மளமளவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: சாவி மாற்றியது, நாற்காலியில் தூக்கியது, இன்றைக்கு வீட்டில் பசியாறவில்லை என்பது வரைக்கும்.

அதிகாரி கோபப்படவில்லை. கோப்பைத் திறந்து மூன்றாவது பக்கத்தில் என் கையெழுத்தைக் காட்டினார். “ஏன் இல்லை என்று எழுதினீர்கள்? உண்டு என்று எழுதியிருந்தால் சீட்டே எடுத்திருக்க வேண்டாமே. கீழ்வீட்டை நேராகக் கொடுத்திருப்போமே.”

நான் அப்பாவைப் பார்க்கவில்லை, அப்பா என்னைப் பார்க்கவில்லை.

அந்தம்மா நல்லவர். வீட்டைப் பறிக்க எழுதவில்லை. உடற்குறை அட்டை எடுங்கள், முறைப்படி வீடு மாற்ற மனுக் கொடுங்கள், நான் பரிந்துரைக்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. கடிதம் வரும் வரை அவரவர் சொந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், இனிமேல் அவர் சொல்லாமல்தான் வருவார்.

ஆக, கால் இல்லாத அப்பா ஐந்தாவது மாடியில், சட்டப்படி. கீழே அக்கா, கண்ணீரோடு. “எனக்கு எதுக்குடி இந்த வீடு, வாசல் வழியா எலி வருது” என்று தினமும் ஏறி வந்து சொல்லிவிட்டு இறங்குவார்.

அட்டை வேண்டுமென்றால் ஆள் நேரில் வர வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள், சமூக நல அலுவலகத்துக்கு ஒரு நாள், போட்டோ சரியில்லை என்று இன்னொரு நாள். படி ஏற முடியாதவர் என்று காட்டுவதற்காக அப்பாவை மூன்று முறை படியில் இறக்கி மூன்று முறை ஏற்றினோம். மூன்றாவது தடவை தூக்கியவர்களில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவருக்கும் ஒரு அட்டை எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டார். அதுதான் அவர் கடைசியாக அடித்த ஜோக்.

மற்ற நாட்களில் மாடி நடைபாதைக் கம்பியருகே உட்கார்ந்து மாமாக் கடையின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைக்காரர் பாசத்தில் தேயைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பினார். “கட்டிக் கொடுத்த தேயைக் குடிக்க நான் என்ன வார்டுலயா படுத்திருக்கேன்?” என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஷேவ் பண்ணுவதை நிறுத்தினார். நான் வேலை முடிந்து வந்து அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கும். அழுத்தி எழுதிய கை.

ஐந்தாவது மாதம் கடிதம் வந்தது. மனு ஏற்கப்பட்டது. எங்களுக்கு ஒதுக்கிய கீழ்வீடு எது தெரியுமா? அக்காவின் வீடுதான். அக்காவுக்கு எங்கள் வீடு. முருகன் மேலே ஏறினார், இருதய ஆண்டவர் கீழே இறங்கினார். ஆறு மாதம் யாருக்கும் தெரியாமல் இருந்த மாதிரியே இனி முத்திரையோடு இருக்கலாம்.

அப்பாவைச் சக்கர நாற்காலியில் இறக்கி வைத்ததும் அம்மா, “முதல்ல வீட்டுக்குள்ள வாங்க, ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போவோம்” என்றார். அப்பா காதில் வாங்கவில்லை. அன்று ஷேவ் பண்ணியிருந்தார், சட்டை மாற்றியிருந்தார். சக்கரத்தைப் பிடித்துக் கடைப் பக்கம் திருப்பி உருட்டினார். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். அக்கா கை தட்டினார்.

பாதி வழியில், கால்வாய்ப் பாலம் லேசாக மேடேறும் இடத்தில், நாற்காலி நின்றது. இரண்டு தடவை முயன்றார். இரண்டு தடவையும் கொஞ்சம் ஏறி, பின்னால் வந்தது. நான் ஓடினேன். திரும்பாமலேயே கையைத் தூக்கித் தடுத்தார். நாலடி பின்னால் நின்றேன். மூன்றாவது தடவையும் வந்துவிட்டது. ஐந்து மாதம் சும்மா இருந்த கைகள் சக்கரத்தை விட்டு மடியில் விழுந்தன.

கடையைப் பார்த்தார்.

“தள்ளும்மா” என்றார்.